ஸ்குரு மேல் ஒரு நீலப் பொட்டு

என்னைக் கடையில் பட்டாசு என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவன் என் அண்ணன். கடைக்கு முன்பக்கம் அவன், சிரித்துச் சிரித்துப் பேச. பின்பக்கம் நான், கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் போட. வருகிறவர்களை நான் திட்டுவேன், அவன் சமாதானம் பண்ணுவான். இப்படியே பதினொரு வருஷம் ஓட்டிவிட்டோம்.

அன்றைக்குக் கமா அக்கா வீட்டுக்குப் போகும்போதே எனக்குக் கடுப்பு. அச்சுக்குப் போகும் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவர் அவர். எங்கள் ரசீதையே வாங்கி அதில் ஒரு கமாவைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தவர், அதனால் அந்தப் பெயர். மூன்று மாதமாக ஒரே புலம்பல். கம்ப்யூட்டர் நகர மாட்டேன் என்கிறது, பக்கத்தைப் புரட்டினால் அப்படியே உறைந்து நிற்கிறது. அண்ணன் போனில், "மெஷினுக்கு வயசாயிடுச்சு மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டான். நான் ஒரு படி மேலே போய், "நாப்பது ஃபைலைத் திறந்து வெச்சா எதுதான்க்கா ஓடும்? அது என்ன கம்ப்யூட்டரா, லாரியா?" என்று கத்தியிருந்தேன்.

கதவைத் திறந்தவரின் கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது.

"தொள்ளாயிரம் பக்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலன்னா வேற ஆளுக்குப் போயிடும். ஏற்கெனவே ரெண்டு புத்தகம் கைய விட்டுப் போச்சு. இதுவும் போச்சுன்னா இனிமே கூப்பிடவே மாட்டாங்க."

அன்று புதன்.

அவருடையது ஆல்-இன்-ஒன். தனியாகப் பெட்டி கிடையாது, திரைக்குப் பின்னாலேயே எல்லாம் அடங்கியிருக்கும். ஆன் பண்ணி எடுத்த எடுப்பில் மெமரியைப் பார்த்தேன். எட்டு ஜிபி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கையால் எட்டும் எட்டுமாக இரண்டு ரேம் போட்டுப் பதினாறாக்கிய மெஷின் இது. ஒன்று ஆடியிருக்கும், அழுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பிளக்கைப் பிடுங்கி, மேஜையில் துண்டை விரித்து, திரையைக் குப்புறப் படுக்க வைத்தேன். ஸ்டாண்டைக் கழற்றினேன். அதற்கு அடியில் இருந்த ஸ்குருவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

எனக்கு ஒரு பழக்கம். எந்த மெஷினைப் பிரித்து மூடினாலும் கடைசி ஸ்குருவின் தலையில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பேன். அதைச் சுரண்டாமல் யாராலும் திறக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு நிறம். இந்த மெஷினுக்கு நான் வைத்தது சிவப்பு. இப்போது இருந்தது நீலம். நீலம் இந்த வருஷத்து நிறம், இந்த வருஷம் நான் இதைத் தொடவே இல்லை.

"அக்கா, இதை யாரு திறந்தது?"

"உங்க கடையிலதான். நீ கால் உடைஞ்சு வீட்டுல கெடந்தியே, அப்போ ஃபேன் சத்தம் போடுதுன்னு குடுத்தேன். உங்க அண்ணன்தான் க்ளீன் பண்ணி, வீட்டுக்கே கொண்டாந்து வெச்சாரு. தங்கமான மனுஷன்."

மூடியைத் திறந்தேன். ஒரு ரேம் இருந்தது. பக்கத்து இடம் காலி. ஆடவும் இல்லை, கழன்று விழவும் இல்லை. தங்கமான மனுஷன் எடுத்திருக்கிறான்.

எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே தேவையில்லை. கால் கட்டைப் பிரித்துக்கொண்டு நான் கடைக்குத் திரும்பிய அன்று, என் மேஜைக் கம்ப்யூட்டர் பறந்தது. "நீ வர்றதுக்குள்ள சர்வீஸ் பண்ணி வெச்சேன் பட்டாசு" என்றான் அண்ணன். நானும் பூரித்துப்போய் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் இந்த அக்காவைப் போனில் திட்டியிருக்கிறேன்.

"ஒரு மணி நேரத்துல வரேன்க்கா."

கடையில் யார் முகத்தையும் பார்க்காமல் நேராகப் போய் என் மெஷினைப் படுக்கப் போட்டுப் பிரித்தேன். அதுவும் அதே மாடல்தான். இரண்டாவது ரேமின் ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு தேதி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு அதைப் போட்ட நாள்.

அண்ணன் பின்னாலேயே வந்து நின்றான். "கத்தாத. கடையில ஆளு இருக்கு."

"நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கலடா."

"அந்தம்மா வெறும் எழுத்துதானே பார்க்குது, எட்டு போதும்னு நெனச்சேன். உன் மெஷின் ஸ்லோ ஸ்லோன்னு தினமும் என் உயிரை எடுத்தது யாரு? உனக்காகத்தான் பண்ணேன்."

"எனக்காகத் திருடுனியா? திருடிட்டு மேல பொட்டு வேற வெச்சியா?"

"அது நம்ம கடை வழக்கமாச்சே" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னான். என் கையில் ஸ்குரு டிரைவர் இருந்தது. முதலில் அதைக் கீழே வைத்தேன்.

"செருப்ப மாட்டு. நீயே வந்து சொல்லு."

அக்கா வீட்டில் ரேமைப் பொருத்தி, மூடியைப் பூட்டாமல் சுவரில் சாய்த்து ஆன் பண்ணினேன். பதினாறு. அக்கா பக்கங்களைப் புரட்டினார். பத்து, ஐம்பது, நூறு. எங்கேயும் நிற்கவில்லை.

"என்னதான் ஆச்சு இதுக்கு?"

"லூஸ் கான்டாக்ட் மேடம்" என்றான் அண்ணன், அதே சிரிப்போடு.

எங்கள் தொழிலில் எதை வேண்டுமானாலும் மூடிவிடுகிற வார்த்தை அது. நானும் பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். இப்போதும் ஒரு தலையாட்டல் போதும், கடையின் பேர் பிழைத்துவிடும்.

"லூஸ் கான்டாக்ட் இல்லக்கா. இவன் கழட்டி எடுத்துட்டான். மூணு மாசமா நான்தான் அதுல வேலை பார்த்துக்கிட்டிருந்தேன்."

அக்கா கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலாம்.

"நாப்பது ஃபைல்னு நீ சொன்னதுக்கப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் திறந்தேன்" என்றார். "அப்பவும் நின்னுச்சு. வயசானது மெஷினுக்கு இல்ல, எனக்குத்தான்னு எம் பொண்ணுகிட்ட சொல்லி அழுதேன்."

அண்ணனின் சிரிப்பு அப்போதுதான் போனது. மெஷினை அணைத்துப் படுக்கப் போட்டு, ஸ்குருவை முடுக்கி, வழக்கம்போலப் பையிலிருந்து நீல பாட்டிலை எடுத்தேன்.

"அதை உள்ள வை."

அக்கா உள்ளே போய்த் தன்னுடைய நெயில் பாலிஷ் பாட்டில் ஒன்றை எடுத்து வந்தார். பழுப்பு நிறம், பாதி உலர்ந்தது. குனிந்து, கமா வைக்கிற அதே நிதானத்தோடு ஸ்குரு தலையில் ஒரு பொட்டு வைத்தார்.

"இனிமே இதை யாரு திறந்தாலும் என் கண்ணு முன்னாடிதான் திறக்கணும். நீயா இருந்தாலும் சரி. ஸ்டாண்டை மாட்டிட்டுக் கிளம்புங்க, எனக்கு வேலை இருக்கு."