விருந்தாளிக்கு வந்த சிலிண்டர்கள்

செப்டம்பர் வந்துவிட்டால் சாண்ட்பெண்ட் அணுக்கழிவுக் கிடங்கில் வேலிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிப்பார்கள். மாதக் கடைசியோடு நிதியாண்டு முடியும்; அதற்குள் செலவாகாத பணம் தலைநகருக்கே திரும்பிப் போய்விடும் என்று, போன வருஷம் அடித்த பெயிண்டின் மேலேயே இன்னொரு பூச்சு பூசுவார்கள். வேலிக்கு இருக்கும் பாக்கியம் வேலிக்குள் வேலை செய்கிறவனுக்குக் கிடையாது.

உள்ளே மண்ணுக்கடியில் நூற்றுச் சொச்சம் தொட்டிகள். அந்தக் காலத்தில் அணுகுண்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்ச விஷத்தை அதில் கொட்டி மூடினார்கள். மூடினால் சும்மா இருக்குமா? தொட்டி ஆவி விடும். பூண்டு வாடையும் அம்மோனியா வாடையும் கலந்து மூக்கில் ஏறினால் அன்றைக்கு முழுக்கத் தலைவலிதான்.

வெர்னாவின் குழுவில் எட்டுப் பேர். அவர்களைக் கட்டி மேய்ப்பது அவள் பொறுப்பு. ஜூன் வரைக்கும் எட்டுப் பேருக்கும் முதுகில் காற்று சிலிண்டர் இருந்தது. "நிதியை வெட்டிட்டாங்க. அதோட மீட்டரும் ஆவியே இல்லைங்குது. முகமூடி போதும்" என்று மேனேஜர் டிரென்ட் அத்தனையையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டான். போன வாரம் டெல்மரின் நுரையீரல் படத்தைப் பார்த்த டாக்டர், இன்னொரு தடவை அந்த ஆவியை இழுத்தால் பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். அதற்கு முன்னால் வேலையை விட்டு நின்றால் வைத்தியத்துக்கான காப்பீடு போய்விடும். குழியில் இறங்கிப் பழைய பம்பைக் கழற்றத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். அதைக் கழற்றும் நாள் இன்று.

காலையில் வெள்ளைப் பந்தல், காப்பி, டோனட். அடுத்த வருஷப் பணத்தைத் தீர்மானிக்கும் கமிட்டியிலிருந்து வின்ஸ்லோ அம்மாள் பம்பு கழற்றுவதைப் பார்க்க நான்கு ஆட்களோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். பந்தல் ஓரத்தில் ஐந்து சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. புத்தம் புதுசு. ஒவ்வொன்றிலும் 'விருந்தினர்' என்று ஒட்டியிருந்தது.

வெர்னாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "இது எங்கேருந்துய்யா வந்துச்சு?"

"வாடகை. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்" என்றான் டிரென்ட், பல்லைக் காட்டியபடி. "மெதுவா பேசு."

"ஒண்ணை டெல்மருக்குக் குடு."

"ஆள் கணக்குக்குத்தான் இருக்கு. பத்து நிமிஷ வேலை வெர்னா, உயிரா போயிடும்?"

"ஆமாய்யா, போயிடும்! டாக்டரே சொல்லியாச்சு."

டெல்மர் முகமூடியை மாட்டிக்கொண்டு குழிப்பக்கம் நடந்தான். "விடு வெர்னா. செத்தா எனக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடிச்சு விட்டுடுவாங்க."

அங்கே ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கும். தரை கூட்டுகிறவர் அதைத் தூக்கினாலும் வேலிக்குள் எல்லாம் நிற்க வேண்டும். தூக்கியவர் கேட்கும் கேள்விக்கு மேனேஜர் சீட்டின் பின்புறத்தில் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவரை ஓர் ஆணிகூட அசையாது. ஆனால் விருந்தாளி முன்னால் மட்டும் யாரும் அதைத் தூக்கியதில்லை. பணம் கொடுக்க வந்தவர்கள் முகம் சுளித்துவிட்டால் ஊர் முழுக்கப் பட்டினி என்ற பயம். இருபத்திரண்டு வருஷமாக வெர்னாவும் பயந்துதான் கிடந்தாள்.

டெல்மர் ஏணியில் கால் வைத்தான். வெர்னா சீட்டை உயர்த்தினாள்.

"வேலையை நிறுத்துங்க!"

மற்றத் தொட்டிகளின் பம்புகள் நின்றன. கிரேன் நின்றது. டிரென்ட் பாய்ந்து வந்தான். "உனக்கென்ன பைத்தியமா? அந்தம்மா கையெழுத்துலதான் நம்ம எல்லாருக்கும் சோறு!"

"இங்க ஆவி இருக்கா, இல்லையா? எழுது."

"என்ன பிரச்சினை?" என்றாள் வின்ஸ்லோ அம்மாள். சிலிண்டர் அவள் முதுகில் ஏறியிருந்தது.

"இங்க ஆவியே இல்லைன்னு சொல்லி எங்க சிலிண்டரைப் பிடுங்கிட்டாங்க மேடம். அப்போ உங்க முதுகுல எதுக்கு?"

"ஒரு முன்னெச்சரிக்கை..." என்று இழுத்தான் டிரென்ட்.

"எட்டுப் பேருக்கு இல்லாத முன்னெச்சரிக்கை!"

அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இது உங்க உள்விவகாரம். பம்பை இன்னொரு தடவை பார்த்துக்கலாம்." முதுகுச் சுமையோடேயே போய் பஸ்ஸில் ஏறினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

வாசலில் தடுப்புக் கம்பத்தை இறக்கிவிட்டு ஹோபார்ட் நின்றான். முப்பது வருஷக் காவல்காரன். "மஞ்சள் சீட்டு தூக்கியாச்சு. பஸ்ஸும் நிக்கணும்."

"டேய், அவங்க யாருன்னு தெரியுமா?" என்று கத்தினான் டிரென்ட்.

"தெரியாது சார். எனக்குச் சீட்டுதான் தெரியும்."

வெயில் ஏறியது. காற்று திரும்பியது. பஸ் ஜன்னலில் ஒருத்தர் மூக்கைப் பொத்தினார், பிறகு இன்னொருத்தர். "என்ன நாத்தம் இது?" என்றாள் வின்ஸ்லோ அம்மாள்.

எல்லாரும் டிரென்டைப் பார்த்தார்கள். அவன் பேனாவைத் தேடி எடுத்து, வெர்னாவின் சீட்டை வாங்கி வேலியில் வைத்து, 'ஆவி இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஈரப் பெயிண்ட் அவன் சட்டைக்கையில் ஒட்டிக்கொண்டது. மூன்று மாதம் கெஞ்சியும் வராத வார்த்தை ஒரே காலையில் வந்துவிட்டது, பாவிகளா!

வெர்னா சீட்டைப் படித்துப் பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் ஏறி வின்ஸ்லோ அம்மாளின் தோள் வாரை அவிழ்த்தாள். அம்மாள் தடுக்கவில்லை. சிலிண்டரைக் கொண்டுபோய் டெல்மரின் முதுகில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, திருகைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்று வந்தது.

பிறகு பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"காத்து உங்க பக்கம்தான் அடிக்குது மேடம். ஜன்னலைச் சாத்திக்கோங்க."