மூன்று நாள் வித்தியாசம்

மதிப்பெண் அட்டையைக் கணவர் மேசையில் போட்ட விதத்திலேயே தப்பு தன்னுடையதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மகளுக்குக் கணக்கில் தொண்ணூற்றெட்டு. உடற்கல்வியில் பெயில், பக்கத்தில் 'முயற்சி போதாது'. மறுதேர்வு கிடைக்காவிட்டால் மறுபடியும் ஆறாம் வகுப்புதான்.

"வயித்துலயே இன்னும் கொஞ்சம் வளத்து அனுப்பியிருக்கக் கூடாதா?" என்றார்.

அவர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எதுவும் தாமதமானால் பொறுக்காது. பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாகக் கூடாதென்று, பள்ளிச் சேர்க்கைக்கான கடைசித் தேதியைப் பார்த்து, பிரசவ நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே அறுவை சிகிச்சைக்கு டாக்டரிடம் நாள் குறித்து வந்தவரும் அவர்தான். மகள் அந்தக் கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு, இரண்டு கிலோவில் பிறந்தாள். வகுப்பிலேயே இளையவள், குட்டையும் அவள்தான்.

மறுநாள் தாய் பள்ளிக்குப் போனாள். உடற்கல்வி ஆசிரியர் நல்ல மனிதர். மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டைக் காட்டி விளக்கினார். ஆறாம் வகுப்பென்றால் பந்து பதினைந்து மீட்டர் போக வேண்டும். மகள் எறிந்தது பதினொன்று. 'ஒட்டகம்' என்று பிள்ளைகள் கூப்பிடும் பெண் இருபத்துநான்கு எறிந்தாளாம். அவள் பதினோரு மாதம் மூத்தவள், ஆசிரியரின் தோள் உயரம்.

"என் பொண்ணு நாலு நாள் கழிச்சுப் பொறந்திருந்தா, சார்?"

"அஞ்சாம் வகுப்பும்மா. பத்து மீட்டர் போதும். பாஸாயிருப்பா."

"முயற்சி?"

"அபாரம்னு எழுதியிருப்பேன்," என்றார் மனசார.

மறுதேர்வு விண்ணப்பத்தை நீட்டி, காரணத்துக்குக் காய்ச்சல் என்று எழுதச் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்களாம். தகப்பனார் கையெழுத்து கட்டாயம்.

அவள் வீட்டுக்கு வந்து பொறுமையாக எழுதினாள்: 'தகப்பனார் அவசரப்பட்டதால் முன்கூட்டியே பிறந்தது.' பேனாவோடு கணவரிடம் நீட்டினாள்.

அவர் நாலு தடவை படித்தார். "காய்ச்சல்னே போட்டுடலாமே."

"அவளுக்கு ஒரு காய்ச்சலும் இல்லைங்க."

அவள் பேனாவை நீட்டியபடியே நின்றாள். உலை கொதித்து வழிந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் தலைமையாசிரியரின் முத்திரையோடு பதில் வந்தது: 'காரணம் ஏற்கப்பட்டது. மறுதேர்வு வழங்கப்படுகிறது. மாணவி இனி இவ்வாறு பிறக்காதபடி பெற்றோர் பார்த்துக்கொள்ளவும்.'