பொட்டலக்காரி

விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் அவள் அவனுடைய மென்பொருளை விடவில்லை. அவள் செய்த தப்பே அதுதான் என்று அக்கா சொல்வாள்.

அவன் எழுதியது ஒலிப்பதிவில் இருக்கும் இரைச்சலை நீக்கும் நிரல். எழுதிப் போட்டுவிட்டால் மட்டும் ஊரார் பயன்படுத்திவிட முடியாது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஒவ்வொரு வகைக்கும் ஏற்றபடி அதைக் கட்டி, சோதித்து, ஒரே கட்டளையில் நிறுவும்படி பேக்கேஜாக யாராவது வெளியிட வேண்டும். அந்த யாராவது அவள்தான். சம்பளமில்லாத வேலை. கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, “நான் சமைக்கிறேன், நீ பொட்டலம் கட்டு” என்பான். நண்பர்களிடம் “இவதான் நம்ம பொட்டலக்காரி” என்று அறிமுகம் செய்வான். அப்போது அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

பிரிந்த பிறகு நிரலின் புகார்ப் பக்கத்தில் மட்டும்தான் பேச்சு. அதுவும் முன்பின் தெரியாதவர்கள் போல.

இந்தத் தடவை வந்த புதுப் பதிப்பை அவள் கட்டிச் சோதித்துப் பார்த்தாள். திறந்த உடனே அது பழைய பதிப்பின் கோப்புறையை அடியோடு அழித்தது. நிறையப் பேர் தங்கள் பதிவுகளை அதில்தான் வைத்திருந்தார்கள். புகார் எழுதினாள். “அங்க யாரும் எதையும் வைக்கமாட்டாங்க” என்று ஒரே வரியில் மூடிவிட்டான். மல்லுக்கு நிற்காமல், தன் பேக்கேஜில் அந்த அழிக்கும் பகுதியை எடுத்துவிட்டு வெளியிட்டாள். அது அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தானே ஒரு பேக்கேஜைக் கட்டித் தன் தளத்தில் போட்டு, இனி எல்லோரும் இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

எடுத்தவர்களின் பதிவுகள் போயின. வசவு வந்து குவிந்ததும் அவன் வாய் கூசாமல் எழுதினான்: “நிரலில் தவறில்லை. பேக்கேஜிங்கில் கோளாறு.” பேக்கேஜ் என்றாலே எல்லோருக்கும் அவள் ஞாபகம்தான். நடந்ததை அவள் விளக்கமாக எழுதினாள். முதல் பதில் இப்படி வந்தது: “புருஷன் பொண்டாட்டி சண்டையை இங்க கொண்டுவராதீங்க.” அவள் விளக்கத்தை விட அந்த வரிக்குத்தான் கைதட்டல் அதிகம்.

மறுநாள் அவனுடைய அம்மா கூப்பிட்டாள். “கொஞ்சம் வாம்மா. உங்க மாமாவோட குரல் போயிடுச்சு.”

மாமாவுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடப்பதற்கு முன் அவரை உட்காரவைத்துப் பதிவு செய்தது மருமகளான அவள்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் மனுஷர் அத்தையை அதட்டித் தள்ளினார். கேஸை மூடு, மாத்திரையைப் போடு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஏணியைக் கொடுக்காதே. பிறகு குரலும் போய், ஆளும் போய்விட்டார். அத்தை அந்த அதட்டலை ஓடவிட்டுக்கொண்டுதான் தினமும் காய் நறுக்குவாள்.

அது இருந்ததும் அந்தப் பழைய கோப்புறையில்தான். மகன் வந்திருந்தபோது அம்மாவின் கணினியில் தன் பேக்கேஜைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். அழிந்ததை மீட்க மருமகள் மத்தியானம் முழுக்க வட்டைத் துழாவினாள். ஒரு துண்டுதான் தேறியது. “ஏய், கேஸை…” அதற்குப் பிறகு வெறும் கரகரப்பு.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீ கட்டினதாலதான் இப்படி ஆச்சுன்னு அவன் சொல்றானே?”

“இதுல இருக்கறது நான் கட்டினது இல்ல அத்தை. உங்க பிள்ளையே கட்டினது. அவர் பேரு இருக்கு பாருங்க.”

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“சரி, தெரியாம பண்ணிட்டான். பெரிய கம்பெனியில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. இந்த நேரத்துல பேரு கெட்டா என்ன ஆகும்? என் தப்புதான்னு நீயே ஒத்துக்கோயேன்மா. உனக்கென்ன, சும்மா செய்யற வேலைதானே?”

“மாமா குரல் போனதும் சும்மாதானா அத்தை?”

“போனது போச்சு. இருக்கறவனைப் பாக்க வேண்டாமா?”

“அதுக்கு நான்தான் கிடைச்சேனா?” என்று எழுந்துவிட்டாள். அத்தை அவளைத் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்தாள். அவன் பேக்கேஜைப் போட்டு, இன்னும் நிரலைத் திறக்காமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுடையதாவது பிழைக்கட்டும் என்று, அவனுடையதைத் தள்ளிவிட்டு உட்காரும்படி அடுத்த பதிப்பு எண் கொடுத்து ஒரு பேக்கேஜைக் கட்டினாள். சோதித்தாள், வெளியிட்டாள். அப்புறம் பராமரிப்பவர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை அழித்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது.

அவன் அறிவிப்புப் போட்டான்: “பேக்கேஜிங் கோளாறு சரிசெய்யப்பட்டது. பொறுமைக்கு நன்றி.”

அதை அத்தை அவளுக்கு அனுப்பியிருந்தாள். கீழே, “பாத்தியா, உன் பேரைச் சொல்லாம விட்டுட்டான். அவனுக்கு நல்ல மனசும்மா.”

கிண்டலாக இருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். அத்தை மனசாரத்தான் எழுதியிருந்தாள்.