கழுவினால் வரும் நிறம்

சட்டை திரும்பி வந்தது. உடம்பு ஒரு நிறம், கைகள் வேறு நிறம்.

துணிக்கடைக்காரம்மா அதைக் காகிதப் பையிலிருந்து எடுத்து வெட்டுமேசையின் மேல் விரித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதைத் தைத்த பழுப்பு சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் கொடுத்தபோது காலரிலிருந்து கைமடிப்பு வரை ஒரே நிறம். நனைந்த மணல் காயத் தொடங்கும்போது இருக்குமே, அந்த நிறம். இப்போது உடம்பு அப்படியே இருக்க, கைகள் இரண்டும் கடுந்தேநீரில் முங்கி எழுந்தவை போலக் கறுத்திருந்தன. யாரோ ஒருவருடைய சட்டைக்கு வேறு யாரோ கை கொடுத்த மாதிரி.

"நானே ஒரு தடவை போட்டுப் பாக்கலாம்னுதான் துவைச்சேன்," என்றார் கடைக்காரம்மா. "வெந்நீர், சோப்பு. அவ்வளவுதான். சாயமே போடலைன்னு சொன்னீங்களே?"

"போடலைங்க."

"அப்புறம் இது என்ன?"

பழுப்பு சட்டையை மடித்தாள். "மிச்சத்தையும் பாத்துட்டு நாளைக்குக் கடைக்கே வந்து சொல்றேங்க," என்றாள்.

பழுப்பு என்பது வீட்டில் விழுந்த பெயர். வைத்தவர் அத்தான், அக்காவின் கணவர். கீழ்த்தளத்தில் அவருடைய சாயப்பட்டறை, மாடிப் பின்னறையில் இவளுடைய தையல். சாயக்காரர் தலைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு, சாயம் படாத துணியில்தான் தைப்பேன் என்று ஒருத்தி அடம் பிடித்தால் பெயர் வைக்காமல் என்ன செய்வார்?

பின்னறை ஜன்னலுக்கு நேர் கீழே சாக்கடை. திங்கட்கிழமை சிவப்பாக ஓடும், புதன்கிழமை பச்சையாக ஓடும். சின்ன வயதில் அவளுக்கு அது வேடிக்கை. எங்கோ தொலைதூரத்தில் பெயர் தெரியாத கடல் ஒன்று அந்தந்த நாளுக்கு அந்தந்த நிறத்தில் விழித்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொள்வாள். பிறகு ஒருநாள் அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று நடந்தே போய்ப் பார்த்தாள். திரும்பி வந்ததிலிருந்துதான் இந்தப் பிடிவாதம். செடியிலேயே பழுப்பாக வெடிக்கும் பருத்தியைத் தேடிப் பிடித்து, வெளுக்காமல், தோய்க்காமல் தைத்தாள்.

அத்தானுக்கு அந்தப் பின்னறை வேண்டும், சாய டிரம் அடுக்க. அக்கா நடுவில் புகுந்து ஒரு பேச்சு முடித்துவைத்திருந்தாள். கடைக்காரம்மா தன் கடையின் முன் கண்ணாடியில் மாட்டிவைக்கச் சட்டைகளை எடுத்துக்கொண்டால் அறை பழுப்புக்கு, இல்லாவிட்டால் டிரம்முக்கு. சனிக்கிழமை கண்ணாடியில் துணி மாற்றுகிறார்கள். இன்று வியாழன்.

கடைக்காரம்மா படியிறங்கியதும் அவள் மிச்சத் துண்டுகளை இழுத்துப் போட்டாள். காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, அதுதான் எரிச்சல். இந்தப் பருத்தியை வெட்டுவதற்கு முன் சலவை சோடா போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். கொதித்தால்தான் அதன் முழு நிறம் வெளியே வரும். முதல் துணிச்சுருளை அப்படித்தான் கொதிக்க வைத்தாள். இரண்டாவது சுருள் தாமதமாக வந்தது, வேறொரு அறுவடை. பிரித்துப் பார்த்தால், கொதிக்காமலேயே முதல் சுருளின் நிறத்தில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, டியூப் லைட்டில் ஒரு தடவை. அச்சு அசலாக ஒன்று. அட, அதிர்ஷ்டம் என்று கொதிக்க வைக்காமல் அப்படியே கைகளை வெட்டிவிட்டாள். அதிர்ஷ்டமாம்! அந்தத் துணி தன் நிறத்தை மடிக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறது. முதல் வெந்நீரில் வெளியே விட்டுவிட்டது.

கைகளைப் பிரித்து வேறு வைக்கலாமென்றால் முதல் சுருளில் ஒரு சாண்கூட மிச்சமில்லை. ஆத்திரத்தில் கத்தரியை மேசையில் போட்டாள். அது சறுக்கி அவள் காலிலேயே விழுந்தது.

சத்தம் கேட்டு அத்தான் வந்தார், பின்னாலேயே அக்கா. அத்தான் சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"என் துணியைக் கழுவினா சாயம் போகுதுன்னு சண்டைக்கு வருவாங்க. உன் துணியைக் கழுவினா சாயம் வருதே! மொத்தத்துல நம்ம ரெண்டு பேருக்கும் தண்ணிதான் எதிரி."

"அத்தான், சும்மா போயிடுங்க."

"போறேன். போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. எல்லாத்தையும் கீழ குடு. கறுப்புல ஒரு முக்கு. அரை மணி நேரம். ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது."

"ஏய், அவர் உதவிக்குத்தான் சொல்றாரு," என்றாள் அக்கா. "மொறைக்காதே. அறை வேணுமா வேணாமா?"

வேண்டும். அதுதானே வயிற்றெரிச்சல். வெளிச்சமும் ஜன்னலும் மேசையும் எல்லாம் வேண்டும். கறுப்பில் முக்கினால் கிடைத்துவிடும். கிடைத்த பிறகு, சாக்கடையில் ஓடும் கறுப்பு யாருடையது என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவள் அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். சட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டுக் குச்சியால் அமுக்கினாள். "முங்கு, நல்லா முங்கு. இப்பவே எல்லாத்தையும் கக்கிடு," என்று துணியைத் திட்டினாள். கண்முன்னாலேயே கைகள் கறுத்தன. இனி எந்த வெந்நீரிலும் மாறாது. ஆனால் அத்தனை சட்டைக்கும் இரவல் கைதான்.

வெள்ளிக்கிழமை காலை அவற்றை இஸ்திரி போட்டுக் கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரம்மா வரிசையாக மாட்டிப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார்.

"அட, எல்லாம் சேர்ந்து பாக்கும்போது நல்லாத்தான் இருக்கு. வேணும்னே செஞ்ச டிசைன் மாதிரியே இருக்கே!"

பழுப்புக்கு ஒரு கணம் காது குளிர்ந்தது. தலையை ஆட்டிவிட்டால் போதும். ஆனால் தலை ஆடவில்லை, சனியன்.

"டிசைன் இல்லைங்க, தப்பு. ரெண்டாவது சுருளைக் கொதிக்க வைக்காம வெட்டிட்டேன்."

"பரவாயில்லை, யார் கேக்கப் போறாங்க. கண்ணாடியில பாத்துட்டு இதே மாதிரி வேணும்னு வருவாங்க. திரும்பவும் இதே நிறத்துல குடுப்பீங்கல்ல?"

"முடியாதுங்க. அடுத்த அறுவடை எப்படி விளையுதோ அப்படித்தான்."

"அப்ப லேசா ஒரு சாயம் குடுத்துடுங்க, இதே பழுப்பு. இயற்கை மாதிரியேதான் இருக்கும். யாருக்குத் தெரியும்?"

"எங்க அத்தானுக்குத் தெரியும்ங்க," என்றாள் பழுப்பு. "அவர்கிட்டதான் தோய்க்கணும். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்."

கடைக்காரம்மா சிரித்துவிட்டார். சிரித்தபடியே கண்ணாடிக்கு முடியாது என்றார். கேட்டு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் அறுவடைக் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? நான்கு சட்டைகளை மட்டும் எடுத்து உள்ளே, உடை மாற்றும் அறைக்குப் பக்கத்து மூலையில் மாட்டினார். அங்கே விளக்குக்கூட மஞ்சள். அந்த வெளிச்சத்தில் கையும் உடம்பும் ஒரே நிறமாகத் தெரிந்தன. அதைப் பார்த்து அவளுக்கு அழுகையா சிரிப்பா என்றே தெரியவில்லை.

மீதியைச் சுமந்துகொண்டு வீடு வந்தபோது, அத்தான் மாடிப்படியில் டிரம்மை உருட்டிக்கொண்டிருந்தார். அக்கா கடைக்குப் போன் போட்டுக் கேட்டு அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

"பேச்சு பேச்சுதானே, பழுப்பு?"

"பேச்சுதான் அத்தான்."

டிரம் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. தையல் மெஷின் சுவரோரம் நகர்ந்தது. கதவில் அவருடைய நீலக் கட்டைவிரல் பதிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். அசையவில்லை. கெட்டிச் சாயம்தான், அதில் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது சுருள் காலையில்தான் வந்திருந்தது. அதைப் பிரித்து, ஒரு துண்டுகூட வெட்டாமல், முழுச் சுருளையும் அண்டாவுக்குள் திணித்தாள். அத்தான் இரண்டாவது டிரம்மை வாசலில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இது என்ன நிறத்துல வரும்?"

"தெரியாது."

"தெரியாமலா கொதிக்க வைக்கிறே?"

"அத்தான்," என்றாள் அவள், குச்சியை எடுக்காமல். "அந்த டிரம்மைக் கொஞ்சம் நகர்த்துங்க. வெளிச்சத்தை மறைக்குது."