சுண்ணாம்புக் கோடு

வண்டி ஆடுகிறது என்று நான் சொன்னால், ரோடு ஆடுகிறது என்பார் பூபதிராஜா. ஜீப்பு அவருடையது. காய் பறிக்கிற பெண்களான எங்களை ஆனைக்கரையில் ஏற்றி, வண்டன்மேட்டுக்குக் கீழே இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் பொறுப்பு. தோட்டத்துக்கு ஆள் தருவதும் அவர்தான், வண்டி தருவதும் அவர்தான். அதனால் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவரையே சொன்ன மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

நான் வாயை அடக்குகிறவள் இல்லை. ஒச்சம்மா என்ற பேரைக் கேட்டாலே தோட்டத்து சூப்பர்வைசர் தலையைச் சொறிவார். ஜீப்பில் என் இடம் முன்சீட்டு. வயசுக்காக யாரும் கொடுத்தது இல்லை, நானாகப் பிடித்த இடம். தினமும் இன்ஜினை மடியில் வைத்துக்கொண்டு போகிறவளுக்கு அதன் சத்தம் தெரியாமல் இருக்குமா? ஒரு வாரமாகவே அது ‘டொக்கு டொக்கு’ என்று இருமிக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் மேட்டில் ஏறும்போது பெல்ட்டைக் கழற்றி வீசிவிட்டது. ஏற்றமாகப் போனதால் தப்பித்தோம்.

வண்டியை ஓட்டுவது அருண்பாண்டி, என் தம்பி மகன். இன்று ஆனைக்கரையில் ஏறும்போது அவன்தான் என் காதோடு சொன்னான்.

“அத்தே, இன்ஜின் முன்னாடி புல்லின்னு ஒரு சக்கரம் இருக்கு. அது சுத்துனாத்தான் பெல்ட்டு சுத்தும். பெல்ட்டு போச்சுன்னா பிரேக்கு கல்லாட்டம் ஆயிரும். ஏறி நின்னு மிதிச்சாலும் வண்டி கேக்காது.”

“இத உங்க முதலாளிகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். போல்ட்ட நானே முறுக்கிட்டேன், புது பெல்ட்டும் வாங்கிக் குடுத்தாச்சு, வாயப் பொத்திக்கிட்டு ஓட்டுன்றாரு.”

இன்று காலை வண்டன்மேட்டைத் தாண்டி, தோட்டத்துக்கு இறங்கும் பாதையின் தலைப்பில் மறுபடியும் அதே சத்தம் கேட்டது. அந்த இறக்கத்தில் போனவர்களுக்குத்தான் அது எப்படிப்பட்டது என்று தெரியும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஏலச்செடி மூடிய பள்ளம். ராத்திரி பெய்த மழையில் மண்பாதை குழைந்து கிடந்தது.

“நிப்பாட்டு மருமகனே” என்றேன். நிறுத்தினான். பானட்டைத் திறக்கச் சொல்லி, இன்ஜின் ஓடும்போதே எட்டிப் பார்த்தேன். அடி ஆத்தீ! அந்தப் புல்லி சுற்றவில்லை, சாமியாடியது.

“எல்லாரும் இறங்குங்கடி!” என்று பின்னால் போய்க் கத்தினேன். தூக்குவாளிகளோடு எல்லோரும் இறங்கினார்கள்.

பைக்கில் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்த பூபதிராஜா வந்து சேர்ந்தார். “எவ இறங்கச் சொன்னது?” என்று இறங்குவதற்கு முன்பே எகிறினார்.

“நான்தாண்ணே. புல்லி ஆடுது. இந்த வண்டியில நாங்க இறக்கத்துல வர மாட்டோம்.”

“நீ எப்ப மெக்கானிக் ஆன? இன்ஜின்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஏறுங்க, ஏறுங்க. காய் பழுத்து உதிருதுன்னு தோட்டத்துலருந்து போன் மேல போன் போடுறாய்ங்க.”

யாரும் அசையவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் கத்தும்போது பயமில்லை, இப்படிப் பேசும்போதுதான் பயம்.

“இங்க பாருங்க. இன்னைக்கு ஏறாதவ நாளைக்கும் வர வேண்டாம். ஆளா கெடைக்காது? கம்பத்துலருந்து விடிஞ்சா ஒரு ஜீப்பு நிறைய ஏத்திட்டு வந்துருவேன்.”

அது வேலை செய்தது. முதலில் செல்வப்பிரியா ஏறினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் வீட்டில் வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான். அவளுக்குப் பின்னால் இந்து என் முகத்தைப் பார்க்காமல் ஏறினாள். பிறகு மற்றவர்களும் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக ஏற, ரோட்டில் நானும் என் தூக்குவாளியும்தான் மிச்சம்.

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. இந்த வேலையை விட்டால் எனக்கும் வேறு போக்கிடம் இல்லை. அதற்காக அந்தப் பள்ளத்தில் உருண்டு சாக முடியுமா? இந்தப் பிள்ளைகள் உருள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியுமா?

இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தேன்.

“வெத்தல போட இதுவா நேரம்?” என்றார் பூபதிராஜா.

“மருமகனே, வண்டிய அமத்து” என்றேன். இன்ஜின் நின்றது.

தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒரு மோட்டார் இருக்கிறது. அதன் தண்டிலிருந்து புல்லிவரை பெயின்டால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றாகச் சுற்றினால் கோடு நேராக நிற்கும், ஒன்று வழுக்கினால் கோடு உடைந்துவிடும். அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். என்னிடம் பெயின்ட் இல்லை, சுண்ணாம்பு டப்பா இருந்தது.

ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கொஞ்சம்தான் இடைவெளி. செடியின் தூரில் கை விட்டு, கண்ணால் பார்க்காமலே பழுத்த காயைத் தடவிப் பறிக்கிறவளுக்கு அது போதும். பழந்துணியால் எண்ணெயைத் துடைத்தேன். சுண்ணாம்பைக் கெட்டியாக விரலில் எடுத்து, புல்லியின் நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

“அண்ணே, வந்து பாருங்க. கோடு நேரா இருக்கா?”

குனிந்து பார்த்தார். “இருக்கு. அதுக்கென்ன இப்ப?”

“நீங்க முறுக்குனதுல எல்லாம் சரியாப் போச்சுன்னா, நடுவும் ஓரமும் ஒண்ணாத்தான் சுத்தும். கோடு இப்படியே இருக்கும். இருந்துச்சுன்னா நான் பேசாம ஏறிக்கிறேன். இனிமே உங்க வண்டியப் பத்தி வாயத் தெறந்தா என்னை ஏன்னு கேளுங்க.”

நான் இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன் என்றது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “ஸ்டார்ட் பண்ணுடா” என்றார்.

அருண்பாண்டி ஸ்டார்ட் செய்து நன்றாக முடுக்கினான். புல்லி ஆடியது. நிறுத்தினான். ஃபேன் நின்று ஓய்ந்ததும் பூபதிராஜா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் குனிந்தோம். ஜீப்பிலிருந்த பெண்களும் கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னால் ஓடி வந்துவிட்டார்கள்.

கோடு உடைந்திருந்தது. நடுத்துண்டு ஒரு பக்கம், ஓரத்துத் துண்டு இரண்டு விரல் தள்ளி இன்னொரு பக்கம்.

“நடுவுல இருக்குற ரப்பர் விட்டுப்போச்சு. ஓரம் தனியாச் சுத்துது. போல்ட்ட எவ்வளவு முறுக்குனாலும் நிக்காது” என்றான் அருண்பாண்டி.

“சுண்ணாம்பு நழுவியிருக்கும்” என்றார் பூபதிராஜா.

செல்வப்பிரியா ‘களுக்’கென்று சிரித்துவிட்டாள். இந்துவும் சிரித்தாள். அப்புறம் அடக்க முடியவில்லை, எல்லோரும் சிரித்தார்கள். ஏறி உட்கார்ந்த வண்டியில் மறுபடியும் உட்கார ஒருத்தியும் போகவில்லை.

பூபதிராஜாவின் முகம் சிவந்துவிட்டது. “எவளும் ஏற வேண்டாம். டேய் அருண்பாண்டி, நீ வெறும் வண்டிய எறக்கு. கீழ போய் நிப்பாட்டிக் காட்டு. அப்பத்தான் இவளுகளுக்குப் புத்தி வரும்.”

அவனுக்கு இருப்பது இந்த ஒரு வேலைதான். அவன் உள்ளே கைவிட்டு சாவியை உருவிக்கொண்டு வந்து, அவர் முன்னால் நீட்டினான்.

“நீங்களே எடுங்கண்ணே. நான் ஓட்டல.”

நீட்டிய கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு பூபதிராஜா ஏறினார். ஸ்டார்ட் செய்து, வண்டியை இறக்கத்தின் விளிம்புவரை கொண்டுபோனார்.

“வேணாம்ணே, வீம்புக்குப் போகாதீங்க!” என்று கத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி கீழே போகும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் டொக்கு டொக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, அவரே ஒரு கல்லைத் தேடி எடுத்து, முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் இன்னொரு ஜீப்புக்குச் சொன்னார். பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு உன் பேர எழுத மாட்டேன், ஒச்சம்மா.”

நான் பதில் சொல்வதற்குள் செல்வப்பிரியா முந்திக்கொண்டாள். “அப்ப எங்க யாரு பேரையும் எழுதாதீங்கண்ணே. ஏன் வரலன்னு தோட்டத்துல கேட்டா, காட்டுறதுக்கு அந்தக் கோட்ட போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.”

எப்போது எடுத்தாளோ, எனக்கே தெரியாது. அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பூபதிராஜா அவளையும், அவள் கையிலிருந்த போனையும் பார்த்துவிட்டு, அருண்பாண்டியிடம், “சாயங்காலத்துக்குள்ள புதுப் புல்லி வாங்கிட்டு வந்து நீயே மாட்டு” என்றார். என் பேரைப் பற்றிய பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் குமுளிப் பக்கத்திலிருந்து நவ்ஷாத் என்ற பையன் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். கழுவித் துடைத்த வண்டி. முன்கண்ணாடியில் மணிச்சரமெல்லாம் தொங்கியது.

“ஏறுங்க மகாராணிகளா” என்றார் பூபதிராஜா. “இப்பவாச்சும் திருப்திதானே?”

ஒருத்தியும் ஏறவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வண்டியின் முன்னால் போய் நின்றேன்.

“தம்பி, பானட்டத் திற.”

“எதுக்கு சேச்சி?” என்றான் நவ்ஷாத்.

நான் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தேன்.