மருமகன் பெயருக்கு ஓர் இடம்

1.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் நடந்த சச்சரவிலிருந்து பிறந்த கதை இது. எந்த வீடு என்று சொல்லமாட்டேன். குடும்பமென்றால் வெளியில் பேசாத விடயங்கள் சில இருக்க வேண்டும். இல்லையேல் அது சந்தை. பெரியவரைப் பொன்னம்பலம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடற்காற்று வீசிய ஒரு மாலையில் பொன்னம்பலம்"

வேண்டாம். காற்றுக்கு இந்த விவகாரத்தில் சம்பந்தமில்லை.

2.

நாடு நாடாகச் சிதறிய உறவினரின் விபரங்களையெல்லாம் பொன்னம்பலத்தின் தம்பி மகள் சாம்பவி கணினியில் சேர்த்தாள். அதற்கான நிரலை எழுதியவளும் அவளே. கலியாணம் ஆகாதவர்களின் விபரம் மற்றக் குடும்பங்களுக்குத் தானாகப் போய்ச்சேர வேண்டும் என்பது பொன்னம்பலத்தின் யோசனை.

அவருடைய மகள் நிஷாந்தி கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் ஒருவரை மணந்து பல வருடங்கள். கலியாணக் கார்ட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியவர் பொன்னம்பலம். கணவர் பெயருக்கான இடத்தை வெறுமையாக விடச் சொன்னார். பெரியவரின் சொல்லுக்கு மரியாதை கொடுத்து நானும் அப்படியே விடுகிறேன்: [          ].

3.

ரொறன்ரோவிலிருந்து நிஷாந்திக்குச் சம்பந்தம் கேட்டு அழைப்பு வந்தது. எடுத்தவர் [          ].

"பொம்பிளைக்குச் செவ்வாய் இருக்கோ எண்டு இவரிட்டயே கேட்டிருக்கினம்," என்று நிஷாந்தி தகப்பனுக்குப் போனில் சொன்னாள். "இவர் பொறுமையா, செவ்வாய் இல்லை, புருசன் இருக்கு எண்டு சொன்னவர். அப்பா, அவற்ற பேரைப் போடும்வரைக்கும் நானும் பிள்ளையும் அங்க வரமாட்டம்."

(பொன்னம்பலத்தின் கண்கள் கலங்கின என்று எழுதி வெட்டிவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் அல்லர். மத்தியானம் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.)

4.

கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து சாம்பவி நேரே வந்தாள்.

"பிழை என்ர, பெரியப்பா. வெறும் இடத்தைக் கண்டால் கலியாணம் ஆகேல்லை எண்டு எடுக்கச் சொல்லி எழுதிப்போட்டன். வெறுமையில கனவகை இருக்கு. ஆளே இல்லை, அது ஒண்டு. ஆள் இருக்கு, பேர் தெரியாது, அது ரெண்டு. தெரியும், சொல்லமாட்டம், அது மூண்டு. ஒவ்வொண்டுக்கும் வேற குறி வைக்கவேணும்."

"ஏதாவது ஒரு இலக்கத்தைப் போட்டுவிடன்."

"பிறந்த வருசம் தெரியாத ஆக்களுக்கு அப்பிடித்தான் 9999 எண்டு போட்டது. மட்டக்களப்பு மாமா இன்னும் பிறக்கேல்லை."

பொன்னம்பலம் சிரிக்கவில்லை.

"அப்ப மூண்டாவதைப் போடு. சொல்லமாட்டன்."

"போடலாம். தகப்பன் சொல்ல மறுத்தார் எண்டு லண்டன்ல இருக்கிற ஆக்களும் பாப்பினம்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். லண்டன்வரை அப்படித் தெரிவதைவிடப் பெயரைப் போடுவதே மேல் என்று முடிவெடுக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"சரி. பேரை எழுது."

"சொல்லுங்கோ. முழுப்பேர்."

பொன்னம்பலம் வாயைத் திறந்தார். அந்த வீட்டில் இத்தனை வருடமும் 'அந்தாள்' என்றோ 'கொட்டாஞ்சேனை' என்றோதான் கதைத்திருக்கிறார்கள்.

"மூண்டாவது இல்லை, பிள்ளை," என்றார். "ரெண்டாவது."

5.

சாம்பவியே நிஷாந்தியிடம் கேட்டு நிரப்பிவிடுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒழுங்கான முடிவுதான். ஆனால் மாமனார் கேட்கவேண்டியதை வேறொருவர் கேட்பது குடும்பத்துக்கு அழகல்ல. அதே காரணத்தால் நானும் விசாரிக்கவில்லை. அந்தப் பெயர் எனக்கும் தெரியாது.

ஆகவே பொன்னம்பலமே கொட்டாஞ்சேனைக்கு அழைக்கிறார். மறுமுனையில் ஓர் ஆண்குரல்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"நான் [          ] கதைக்கிறன்."

இதை வாசகர் நிரப்பவேண்டும். பொன்னம்பலம் என்று எழுதலாம். மாமா என்றும் எழுதலாம். வெறுமையாகவும் விடலாம், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை மறுமுனையில் இருப்பவர் முடிவு செய்துகொள்வார்.