அவன் கேட்ட கேம் ஷாஃப்ட்

காரை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் அக்கா பிளக் வயர் ஒன்றைச் சத்தமில்லாமல் உருவிவிட்டாள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் நொண்டி நொண்டி உறுமியது. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் தம்பி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்கணும் என்று காலையிலிருந்து நச்சரித்தான். இன்றைக்குத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைத் தம்பி உடம்பு நன்றாக இருந்தபோதே குடைந்து வைத்திருந்தான். காற்று உள்ளே போகும் போர்ட்டுகளை அகலமாக்கி, விரலை விட்டுத் தடவித் தடவி வழுவழுப்பாக்கியிருந்தான். அத்தனை காற்றையும் இழுக்க வால்வுகள் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்கென்றே பெரிய கேம் ஷாஃப்ட் ஒன்றும் வாங்கினான். அப்படிப்பட்ட இன்ஜின் வேகமெடுத்தால் பறக்கும். நின்ற இடத்தில் நொண்டித் தடுமாறும்; தம்பி கேட்க ஆசைப்பட்டது அந்தத் தடுமாற்றத்தைத்தான். கேம் மாட்டுவது எப்போதும் அக்காவின் வேலை. அவள் கை வைப்பதற்குள் அவன் படுத்துவிட்டான்.

போன வாரம் தம்பி மனைவி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, அவருக்கப்புறம் எனக்கு இந்தக் கார்தான். பிள்ளைய ஏத்திக்கிட்டு நெரிசல்ல போகணும். நான் என்ன ரேஸுக்கா போகப் போறேன்? அந்தப் பெரிய கேம் வேணாமே."

அக்கா பெரிய கேமைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். பழைய சின்ன கேமையே மாட்டினாள். அந்த அகலப் போர்ட்டுக்கு அது பொருந்தாது என்று தெரிந்தேதான் மாட்டினாள். ஹெட்டையும் மாற்றியிருக்கலாம், அவன் குடைந்ததைக் கழற்ற அவளுக்குக் கை வரவில்லை. அவனிடம், நீ சொன்னதைத்தான் போட்டிருக்கேன் என்று சொல்லிவிட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

"கேட்டுச்சாடா?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "ஒரு சிலிண்டர் எரியலக்கா. வயர மாட்டு."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி குனிந்துகொண்டாள். அக்கா திரும்பிப் போய் வயரை மாட்டினாள். இன்ஜின் தையல் மெஷின் மாதிரி சீராக ஓட ஆரம்பித்தது. அதை ஓடவிட்டு அவள் வந்தபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தான்.

"சின்னதா?"

"ம்."

"யாரு சொன்னா?"

தம்பி மனைவி வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்."

"உனக்குப் பொய் சொல்லவே வரல." மூச்சு வாங்கியது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

சொல்லியிருப்பான். மூன்று பேருக்கும் அது தெரியும்.

"போய் நிறுத்துக்கா. பெட்ரோல் வீணாகுது."

அவள் போய் நிறுத்தினாள். திரும்பி வரும்போது தம்பி மனைவி அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள், சவ வண்டிக்குப் பின்னால் காரைத் தானே ஓட்டுவதாகத் தம்பி மனைவி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அக்கா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவனுடைய நீளக் கால்களுக்கு ஏற்றபடி சீட் பின்னால் தள்ளிக் கிடந்தது. தம்பி மனைவிக்குக் கிளட்ச் எட்டவில்லை.

"முன்னாடி இழுத்துக்கோம்மா. கீழ கம்பி இருக்கு பாரு."

"தெரியும் அண்ணி."

அவள் கம்பியைத் தொடவில்லை. சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, கால் விரல் நுனியால் கிளட்சை அழுத்தினாள். முன்னால் வண்டி நகரத் தொடங்கியிருந்தது.